‘எக்காலத்திலும் மாற்றக் கூடாது’ என்ற வரியைப் படிக்கும் முறை

2021ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு சாயங்காலம், அம்பாசமுத்திரத்தில் என் அலுவலகத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே ஒரு குளத்துக்கரை ஊர்க்காரர்கள். பாசன சங்கத்தின் தலைவர் எழுபதைத் தாண்டியவர். கக்கத்தில் நீளமான தீர்மானப் புத்தகம். முந்தின வருடம் மீன்பாசி ஏலத்தில், அதாவது குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்டதில், வந்த பணம் முழுவதும் கோயில் கொடைக்குச் செலவாகியிருந்தது. பந்தலும் வில்லுப்பாட்டும் குறைவில்லாமல் நடந்தன. நடுமடைப் பலகை உளுத்துப் போயிருந்ததை மாற்றத்தான் காசு இல்லை. பிசானத்துக்கென்று, அந்தப் பருவ நெல்லுக்கென்று, நிறுத்தி வைத்த தண்ணீர் பத்தே நாளில் ஓடைக்குப் போய்விட்டது. அறுபது கோட்டை நெல் விதைக்கும் வயலில் பாதிக்குமேல் கதிர் பொதியும்போதே கருகியது.

“வக்கீலம்மா, சங்க விதியில் மூன்று வரி சேர்த்துத் தர வேண்டும்” என்றார் தலைவர். அவரே ஒரு தாளில் எழுதியும் கொண்டு வந்திருந்தார். ஏலப் பணம் கரைக்கும் மடைக்கும் மட்டுமே. கொடைக்கோ வேறு எதற்கோ எடுக்கக் கூடாது. இதை எக்காலத்திலும், எந்தக் கமிட்டியும் மாற்றக் கூடாது.

முதல் இரண்டு வரிகளை அப்போதே எழுதித் தருவதாகச் சொன்னேன். மூன்றாவதை எழுத முடியாது அண்ணாச்சி, எழுதினாலும் நிற்காது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. “சட்டசபையில் எழுதுகிறார்களே, பார்லிமெண்டில் எழுதுகிறார்களே, அதெல்லாம் நிற்கிறதே?” என்று கேட்டார்.

நிற்கிறதா? இந்தக் கேள்வியை முப்பது வருடமாக வேறு வேறு ஆட்கள் வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓய்வூதியக்காரர், நிலம் கொடுத்தவர், ஆசிரியர் வேலைக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர் எல்லாருக்கும் ஒரே பயம்தான்: இன்று சட்டமாகத் தந்ததை நாளை வருகிறவர்கள் பிடுங்கிக்கொண்டால்? ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தால் நான் எந்த வரிசையில் படிக்கிறேன் என்பதை இங்கே சொல்கிறேன். வக்கீல் படிப்பு வேண்டாம். பொறுமையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

முதலில், கையில் இருப்பது என்ன தாள்?

பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். செய்தித்தாள் எல்லாவற்றையும் ‘அரசு சட்டம்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தாளின் தலைப்பைப் பாருங்கள்: அரசாணையா, ஒரு சட்டத்தின் கீழ் போட்ட விதியா, சபைத் தீர்மானமா, சட்டமா, அரசமைப்புச் சட்டத்தின் பிரிவா?

அரசாணையைப் போட்ட கையே அடுத்த வாரம் மாற்றலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு வேறு உதாரணம் வேண்டாம். 1986இல் தூத்துக்குடி பிரிந்தபோது நம் மாவட்டம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆனது. பஸ்ஸின் நெற்றியிலும் கட்டபொம்மன் பெயர்தான் இருந்தது. 1997இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்று அரசு முடிவு செய்ததும் இரண்டும் போயின. பெரிய பெயர்தான், ஆனால் அதை அழிக்கப் புதிய சட்டசபை கூட வேண்டியிருக்கவில்லை.

தீர்மானம் என்பது சபை தன் விருப்பத்தைச் சொல்வது. சொன்ன சபை இருக்கும்வரை அதற்கு மதிப்பு. தமிழ்நாட்டு மேலவையின் கதையைப் பாருங்கள். 1986 நவம்பர் 1இல் மேலவை ஒழிந்தது. 1989இல் வந்த சபை மீண்டும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1991இல் வந்த சபை வேண்டாம் என்றது. 1996இல் வேண்டும், 2001இல் வேண்டாம். 2010 ஏப்ரலில் மறுபடியும் வேண்டும் என்று தீர்மானம் போய், மே மாதம் பார்லிமெண்டில் சட்டமே நிறைவேறியது. தேர்தல் முடிந்து 2011 ஜூனில் புதிய சபை அந்த விருப்பத்தைத் திரும்பப் பெற்றது. சட்டம் ஏட்டில் இருக்க, மேலவை வரவேயில்லை. ஒரு சபையின் சொல் அடுத்த சபையைக் கட்டும் என்று நம்புகிறவர்கள் இந்த ஆறு ஆண்டுகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி மேஜை மேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கலைக்கும் வழியைத் தேடுங்கள்

கையில் இருப்பது சட்டம்தான் என்று வைத்துக்கொள்வோம். பலர் அதன் வாக்குறுதி வரிகளை இரண்டு முறை படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இதைக் கலைக்க வேண்டுமானால் எந்த இடத்தில், எத்தனை பேர் கை தூக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் அந்தச் சட்டத்தின் ஆயுள் தெரிந்துவிடும். ‘என்றென்றும்’ என்ற சொல் ஆயுளைக் கூட்டுவதில்லை.

இந்தப் பழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே பார்லிமெண்ட் எந்தச் சட்டத்தையும் இயற்றலாம், எதையும் நீக்கலாம், அதை மீறி நிற்க வேறு எந்த அமைப்புக்கும் உரிமையில்லை என்று 1885இல் டைசி என்ற சட்டப் பேராசிரியர் வகுத்துச் சொன்னார். எதையும் செய்யலாம் என்றால் தன் பின்னால் வரும் பார்லிமெண்டின் கையையும் கட்டிவிடலாமே என்று தோன்றும். கட்டிவிட்டால் பின்னால் வருவது முழு அதிகாரமுள்ள பார்லிமெண்டாக இராதே! ஆகவே இந்த ஒன்று மட்டும் அதனால் முடியாது என்பதுதான் அங்கே நிலைத்த கொள்கை.

முயன்று பார்த்திருக்கிறார்கள். 1800ஆம் ஆண்டு அயர்லாந்தை இணைத்த சட்டத்தில், இரண்டு நாட்டுத் திருச்சபைகளும் ஒன்றாகி என்றென்றும் அப்படியே இருக்கும் என்று எழுதினார்கள். அந்த ‘என்றென்றும்’ எழுபது ஆண்டுகூட ஓடவில்லை. 1869இல் அதே பார்லிமெண்ட் வேறொரு சட்டத்தால் அயர்லாந்துத் திருச்சபையின் அரசு நிலையை எடுத்துவிட்டது.

நிலம் கொடுத்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு வழக்கு உண்டு. 1919இல் அங்கே நில எடுப்புக்கு இழப்பீடு கணக்கிடும் சட்டம் ஒன்று வந்தது. இதற்கு முரணான எந்த ஏற்பாடும் செல்லாது என்று அதில் ஒரு வரி இருந்தது. 1925இல் வந்த வீட்டுவசதிச் சட்டம் குடிசைப் பகுதி நிலத்துக்குக் குறைந்த இழப்பீடு வைத்தது. நிலக்காரர்கள் 1919இன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வழக்காடினார்கள். 1934இல் எல்லன் ஸ்ட்ரீட் எஸ்டேட்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பின்னால் வந்த சட்டமே நிற்கும், பின்னால் வருகிறவர்கள் எந்த வடிவில் சட்டம் எழுத வேண்டும் என்று முன்னால் போகிறவர்கள் கட்டளையிட முடியாது என்று தீர்ந்தது.

ஆகவே நம் சட்டங்களில் ‘வேறு எந்தச் சட்டத்தில் என்ன கூறப்பட்டிருந்தபோதிலும்’ என்று தொடங்கும் பிரிவைக் கண்டால் உடனே நிம்மதி அடையாதீர்கள். அதே சொற்களோடு நாளை ஒரு சட்டம் வரலாம். இரண்டும் மோதினால் பின்னால் வந்ததன் பக்கமே தராசு பெரும்பாலும் சாயும். ஒரு விதிவிலக்கு உண்டு: முன்னது ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கென்றே எழுதிய சிறப்புச் சட்டமாகவும், பின்னது பொதுவான சட்டமாகவும் இருந்தால், பொதுச் சட்டம் வாய் திறந்து சொல்லாதவரை சிறப்புச் சட்டம் பிழைத்துக்கொள்ளும். எனவே ஆண்டை மட்டும் பார்க்காமல், எது எதைப் பற்றியது என்றும் பாருங்கள்.

பூட்டு எங்கே தொங்குகிறது?

இது நான் மிகவும் மெனக்கெட்டுப் பார்க்கும் இடம். ‘மாற்றக் கூடாது’ என்பது ஒன்று; ‘மாற்ற வேண்டுமானால் இந்த வழியில் வா’ என்பது மற்றொன்று. முன்னது கையைக் கட்டுவது. பின்னது வாசலைக் காட்டுவது. நீதிமன்றங்கள் முன்னதை மதித்ததில்லை. பின்னதைச் சில நாடுகளில், சில நிலைமைகளில் மதித்திருக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1929இல் ஆட்சியிலிருந்தவர்கள் தங்கள் மேலவையைக் காப்பாற்ற நினைத்தார்கள். மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் மேலவையை ஒழிக்கக் கூடாது என்று 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. இந்த 7ஏ பிரிவையே நீக்குவதென்றாலும் மக்களிடம் கேட்க வேண்டும் என்று எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. புதியவர்கள் 7ஏவையும் மேலவையையும் சேர்த்தே ஒழிக்கும் மசோதாக்களைக் கொண்டுவந்தார்கள். இரு அவைகளிலும் அவை நிறைவேறிவிட்டன. வாக்கெடுப்பு மட்டும் நடத்தவில்லை. டிரெத்தோவன் என்ற உறுப்பினர் வழக்குப் போட்டார். ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும், 1932இல் அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும், காட்டிய வழியில் வராததால் செல்லாது என்று சொல்லிவிட்டன. அந்த மேலவை இன்றும் இருக்கிறது.

ஏன் நின்றது? அந்தச் சபைக்கு மேலே 1865ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பேரரசுச் சட்டம் ஒன்று இருந்தது. நடைமுறையில் உள்ள சட்டம் சொல்லும் முறையிலும் வடிவிலும்தான் உன் அமைப்பை மாற்ற வேண்டும் என்று அது சொன்னது. பூட்டுக்கு வலு வந்தது அந்த மேல்சட்டத்தால். கடல் தாண்டினால் இலங்கை. அங்கேயும் இதே கதைதான். அரசியலமைப்பைத் திருத்தும் மசோதாவுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் சபாநாயகர் சான்றும் வேண்டும் என்று அன்றைய அரசியலமைப்பில் இருந்தது. லஞ்ச விசாரணைக் குழு உறுப்பினர்களின் நியமனத்தில் அந்த வழியைத் தாண்டிப் போனார்கள். 1964இல் ரணசிங்க வழக்கில் பிரிவி கவுன்சில் அந்தக் குழு தந்த தண்டனையே செல்லாது என்றது.

மேல்சட்டம் இல்லாத இடத்தில் பூட்டு எப்படித் திறந்துகொள்ளும் என்பதற்கு லண்டனிலேயே சமீபத்திய சாட்சி இருக்கிறது. 2011இல் பார்லிமெண்டின் ஆயுளை ஐந்தாண்டு என்று நிலைப்படுத்தி, முன்கூட்டித் தேர்தல் வேண்டுமானால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 650இல் 434 பேர், சம்மதிக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். 2019இல் பிரதமர் அந்த வழியில் மூன்று முறை முயன்றார், மூன்று முறையும் எண்ணிக்கை வரவில்லை. உடனே, ‘டிசம்பர் 12இல் தேர்தல்’ என்று இரண்டு பிரிவில் ஒரு குட்டிச் சட்டம். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். தேர்தல் நடந்தது. 2022இல் 2011இன் சட்டமே போய்விட்டது. முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பூட்டுப் பிரிவைக் கண்டதும் இரண்டு விஷயங்களைத் தேட வேண்டும் என்று தெரியும். அந்தப் பிரிவை நீக்குவதற்கும் அதே வழிதான் என்று அதிலேயே எழுதியிருக்கிறதா? அந்தப் பூட்டை மதிக்கச் சொல்லி மேலே வேறொரு சட்டம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அது நல்ல எண்ணம், அவ்வளவுதான்.

நம் நாட்டில் மேலே இருப்பது யார்?

இங்கிலாந்துப் பாடத்தை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வரக் கூடாது. இளம் வக்கீல்கள்கூடச் செய்யும் தவறு இது. நம் பார்லிமெண்டும் சட்டசபையும் அரசமைப்புச் சட்டத்தின் கீழே உட்கார்ந்திருப்பவை. 368ஆவது பிரிவு சொல்லும் வழியில்தான் அதை மாற்றலாம்: ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, சில பிரிவுகளுக்கு மாநிலச் சட்டசபைகளில் பாதியின் ஒப்புதலும் வேண்டும். அந்த வழியில் வந்தாலும் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது என்று 1973 ஏப்ரல் 24இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர் தீர்த்தார்கள். 1976இல் பார்லிமெண்ட், தன் திருத்தங்களை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று அந்த 368இலேயே எழுதிப் பார்த்தது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அந்த வரி அடிபட்டது.

ஆகவே நம் சட்டசபையைக் கட்டுவது அரசமைப்புச் சட்டம். முன்னால் இருந்த சட்டசபை அதைக் கட்டாது. இந்த வேறுபாட்டை 2011இல் நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். 2010இல் ஒரு சபை சமச்சீர்க் கல்விச் சட்டம் இயற்றியது. ஆட்சி மாறியதும் 2011 ஜூனில் புதிய சபை அதைத் தள்ளிப்போடும் திருத்தம் செய்தது. பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது, புத்தகம் இல்லை. அப்போது என் மகள் பத்தாம் வகுப்பு. முதல் இரண்டு மாதம் அவள் பையில் நோட்டும் டிபன் பாக்ஸும்தான் இருந்தன. டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் பார்த்தெழுதிக்கொண்டு வருவாள். ராத்திரி படிக்க உட்கார்ந்தால் எதைப் படிப்பது என்று அழுவாள். வழக்கு சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய், ஆகஸ்ட் 9இல் உச்ச நீதிமன்றம் புத்தகங்களைக் கொடு என்றது.

அந்தத் தீர்ப்பை நான் அன்றிரவே தேடிப் படித்தேன். முந்தின சபை செய்த சட்டத்தைத் தொடவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நீதிமன்றங்களே செல்லும் என்று ஏற்ற ஒரு சட்டத்தைத் தக்க காரணமில்லாமல் முடக்கியது தன்னிச்சையானது, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்னும் அரசமைப்பின் 14ஆவது பிரிவுக்கு ஆகாது என்றுதான் சொன்னது. புதிய சபை காரணத்தோடு, ஒழுங்காக, பிள்ளைகளை நடுத்தெருவில் விடாமல் மாற்றியிருந்தால் மாற்றியிருக்கலாம். உங்களுக்குச் சாதகமான ஒரு சட்டத்தைப் புதிய ஆட்சி நீக்கும்போது, ‘பழைய சபை வாக்குக் கொடுத்தது’ என்று மனுவில் எழுதினால் வேலைக்காகாது. சட்டமியற்றும் சபைக்கு எதிராக அந்த வாதம் எடுபடாது. ‘இந்த நீக்கம் அரசமைப்பின் இன்ன பிரிவை மீறுகிறது’ என்று எழுதுங்கள்.

வழக்கிலிருந்து காக்க வேண்டிய சட்டங்களைப் பட்டியலிடும், அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்காதவர்கள் இல்லை. நம் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994இல் 76ஆவது திருத்தத்தால் அந்த அட்டவணையில் ஏறியது. அதில் ஏறிவிட்டால் யாரும் தொட முடியாது என்று மேடையில் பேசுவார்கள். அட்டவணைக்குக் காப்பளிக்கும் 31பி பிரிவை எடுத்துக் கடைசி வரியைப் படியுங்கள். தகுதியுள்ள சட்டமன்றம் அதை நீக்கவோ திருத்தவோ உள்ள அதிகாரத்துக்கு உட்பட்டே அது தொடரும் என்று எழுதியிருக்கிறது. அதாவது அந்தக் கவசம் வழக்கிலிருந்து காப்பதற்கு. அதுவும் முழுதாக இல்லை. அடிப்படைக் கட்டமைப்புச் சோதனை அதற்கும் உண்டு என்று 2007இல் தீர்ந்துவிட்டது. சட்டசபையின் கையிலிருந்து காக்க எந்தக் கவசமும் இல்லை. அந்தச் சட்டத்தை இத்தனை ஆண்டாகக் காத்து வருவது, எந்தக் கட்சியும் அதில் கை வைக்கத் துணியாத இந்த மக்களின் விழிப்புத்தான்.

நீக்கினாலும் மிஞ்சுவது எது?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் மறந்துவிடக் கூடாது. ஒரு சட்டம் நீங்கினால் அது நடப்பில் இருந்தபோது உங்களுக்கு வந்து சேர்ந்த உரிமை தானாக அழிவதில்லை. மத்தியச் சட்டங்களுக்கு 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தில் 6ஆவது பிரிவும், நம் மாநிலச் சட்டங்களுக்கு 1891ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தில் 8ஆவது பிரிவும் அதைக் காக்கின்றன. நீக்கும் சட்டம் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கவனியுங்கள், வந்து சேர்ந்த உரிமைக்குத்தான் காப்பு. வரும் என்று காத்திருந்ததற்கு இல்லை. ஒரு சட்டத்தின் கீழ் பட்டா கிடைக்கும் என்றால் அடுத்த தேர்தல்வரை தள்ளிப்போடாமல் மனுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், உத்தரவைக் கையில் வாங்கி அடங்கலில் ஏற்றுங்கள். ‘அதுதான் சட்டமாகிவிட்டதே, மெதுவாகப் பார்க்கலாம்’ என்று இருந்து, சட்டம் போனபின் வெறும் கையோடு என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் அநேகம் பேர்.

நீங்களே விதி எழுதும்போது

அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன். தலைவருக்கு வழக்குகளின் பெயர்களால் ஆறுதல் வரவில்லை. அப்போது எனக்கு மானூர்க் கல்வெட்டு நினைவுக்கு வந்தது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கும் மானூர்தான். அங்கே கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், ஊர்ச்சபை தன் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. பங்குடையவர்களின் மக்களில் வேதமும் தருமநூலும் கற்று ஒழுக்கமாக நடப்பவர்களே மன்றத்தில் பேசலாம். எதைச் சொன்னாலும் ‘அன்று, அன்று’ என்று குறுக்கே நிற்பவர்களுக்கு ஐந்து காசு தண்டம். கூட்டம் நடத்தியவர்கள் பட்ட பாடு அந்த ஐந்து காசில் தெரிகிறது!

“அண்ணாச்சி, அந்தக் கல் இன்னும் அழியவில்லை. ஆனால் அது சொன்னபடியே இன்றும் நடக்க வேண்டுமென்றால் நீங்களும் மன்றத்தில் பேச முடியாது, நான் அந்த வாசலிலேயே நிற்க முடியாது” என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். நம் கோயில் கல்வெட்டுகளில் தானம் கொடுத்த ராஜாக்கள் ‘சந்திராதித்தவல்’ என்று, சூரிய சந்திரர் உள்ளவரை என்று எழுதுவார்கள். எழுதிவிட்டு அதோடு நிறுத்துவதில்லை. இந்தத் தருமத்தைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போகக்கடவன் என்று சபிப்பார்கள். சில இடங்களில் அதைவிடப் பணிவாக ஒரு வரி வரும்: ‘இத்தர்மம் காத்தான் பாதம் என் தலைமேலன.’ நாடாண்டவன், தனக்குப் பின்னால் வரப்போகிற, யாரென்றே தெரியாத ஒருவனுடைய காலைத் தன் தலைமேல் தாங்குகிறேன் என்கிறான். அவன் கையைக் கட்ட முடியாது என்று ராஜாவுக்குத் தெரிந்திருந்தது. கெஞ்சியாவது காப்பாற்றச் சொன்னான்.

பிறகு இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். நீங்களும் சங்கத்துக்கோ நூலகத்துக்கோ ஊர்க் கமிட்டிக்கோ விதி எழுதினால் இந்த வரிசையில் எழுதிப் பாருங்கள்.

முதலில் விதி, ஒரே வாக்கியத்தில்: மீன்பாசி ஏலத்தில் சங்கத்துக்கு வரும் தொகை குளத்தின் கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால் ஆகியவற்றின் மராமத்துக்கு மட்டும். அடுத்து, விதி ஏன் வந்தது என்று காரணம். நடுமடைப் பலகை உளுத்ததையும் பிசானம் கருகியதையும் ஆண்டோடு எழுதச் சொன்னேன். பத்து வருடம் கழித்துக் கமிட்டிக்கு வரும் பையன் அந்தக் காரணத்தைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். காரணம் எழுதாத விதியை அடுத்தவன் வீம்பு என்று நினைத்து முதல் கூட்டத்திலேயே தூக்கிவிடுவான்.

பிறகு மாற்றும் வழி. இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு, கோயில் மண்டபத் தூணில் ஒட்டி, தெருத்தெருவாகத் தண்டோராவும் போட வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு சம்மதம். மாற்றுவதற்கான காரணம் தீர்மானப் புத்தகத்தில் முழு வாக்கியமாக. கடைசியாக, நியூ சவுத் வேல்ஸ்காரர்கள் செய்தது போல, இந்த வழியைச் சொல்லும் விதியை மாற்றுவதற்கும் இதே வழிதான் என்று ஒரு வரி. பதிவு பெற்ற சங்கமானதால் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் மேலே இருக்கிறது. சிறப்புத் தீர்மானம் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தார்கள். பூட்டை மதிக்கச் சொல்ல மேலே ஆள் இருக்க வேண்டும் என்றேனே, அது இதுதான். பதிவில்லாத கமிட்டிக்கு இந்த வலு கிடையாது, முதலில் பதியுங்கள்.

‘எக்காலத்திலும்’ என்ற சொல்லைத் தலைவரே தன் பேனாவால் அடித்தார். மனமில்லாமல்தான் அடித்தார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. தாமிரபரணி ஊருக்குள் வந்த நாட்கள் அவை. அந்தக் குளமும் மேற்குக் கரையில் உடைந்தது. கீழத்தெருவில் ஒன்பது வீடுகளின் மண்சுவர் கரைந்து விழுந்தது. சங்கத்தின் கணக்கில் இரண்டு வருட ஏலப் பணம் இருந்தது. கரைக்கும் மடைக்கும் மட்டும் என்று எழுதிய பணம். தலைவர் போன் செய்தார். “வக்கீலம்மா, கரையை அரசாங்கம் அடைத்துக் கொடுக்கிறது. வீடு போனவர்கள் பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார்கள். பணத்தை எடுக்கலாமா?”

விதியில் எழுதிய வழியைப் பாருங்கள் அண்ணாச்சி என்றேன். டிசம்பர் 22இல் தூணில் ஒட்டினார்கள். இருபத்தொரு நாள் காத்திருப்பது பலருக்குக் கோபம். பனியில் கிடக்கிறவர்களுக்கு விதியா பெரிது என்று என்னிடமே சத்தம் போட்டார்கள். நியாயமான கோபம். அந்த இருபத்தொரு நாளும் எனக்கும் சரியாகத் தூக்கமில்லை. ஜனவரி 12, பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால், மண்டபத்தில் கூட்டம். வந்தவர் எண்பத்தாறு பேர், எதிர்த்தவர் நான்கு பேர். நான்கு பேரின் பெயரையும் அவர்கள் சொன்ன காரணத்தையும் எழுதி வைத்தார்கள்.

பிறகு ஒருநாள் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வெள்ளத்தில் நனைந்து ஓரமெல்லாம் பழுப்பேறி, தாள்கள் அலை அலையாக நின்றன. ‘மார்கழி வெள்ளத்தில் கீழத்தெருவில் ஒன்பது வீடுகளின் சுவர் விழுந்தபடியால், கையிருப்பு ஏலத் தொகையில் பாதியை அவ்வீடுகளுக்குச் சமமாகப் பகிர்ந்து கொடுப்பது. வரும் ஏலம் முதல் பழைய விதியே நடக்கும்.’ அதன் கீழே முன்மொழிந்தவர் என்ற இடத்தில் தலைவரின் கையெழுத்து இருந்தது.